வெளிமாநிலத்து வண்டி வீடு வந்து சேராமல் நின்றால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பெங்களூரில் ஒரு காரை வாங்கிச் சேலத்துக்குக் கொண்டுவருவது, சாலையை மட்டும் பார்த்தால் அரை நாள் வேலைதான். அத்திப்பள்ளியையும் ஓசூரையும் தாண்டி, கிருஷ்ணகிரிச் சுங்கச்சாவடியைக் கடந்து, தொப்பூர் கணவாயில் இறங்கினால் ஊர் வந்துவிடும். அதே தொலைவைக் கடக்க அந்தக் காரின் காகிதங்கள் மூன்று மாதம் எடுத்துக்கொள்வதையும், சில வண்டிகளின் காகிதங்கள் அத்திப்பள்ளியைத் தாண்டாமலேயே நின்றுவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். உறவினர்களுக்கும் நண்பர்களுக்குமாக ஏழெட்டுக் கர்நாடகப் பதிவு வண்டிகளுக்கு அலைந்த அனுபவத்தில், எந்த அறிகுறிக்கு எது காரணம், அதை எங்கே போய்ச் சரிசெய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் திருத்த வேண்டிய பிழையைப் புதிய அலுவலகத்தில் திருத்த முடியாது. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறந்ததால் வருபவை.

முதலில் காகிதம் போகும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பவர் தம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) பெறுகிறார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டு நம்மிடம் தருகிறார். நாம் நம் ஊர் அலுவலகத்தில் அவற்றோடு படிவம் 27, அதாவது புதிய பதிவெண் கேட்கும் விண்ணப்பத்தையும் கொடுத்து, வரி கட்டி, வண்டியைக் காட்டிப் புதிய பதிவுச் சான்று வாங்குகிறோம். கர்நாடக முகவரி இல்லாதவர் அங்கேயே பெயரை மாற்றிவிட்டு வரலாம் என்று சில புரோக்கர்கள் சொல்வார்கள். அதற்குப் பொய் முகவரி தேவைப்படும் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

கெடுவைப் பற்றி ஒரு தவறான புரிதல் பரவலாக இருக்கிறது. வெளிமாநிலப் பதிவெண்ணோடு ஓராண்டு ஓட்டலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு சொல்லும் 12 மாதம், பதிவெண்ணை மாற்றிக்கொள்வதற்கான கால அளவு. வண்டியை விலைக்கு வாங்கியவருக்கு 50ஆவது பிரிவு தனியாக ஒரு கெடு வைத்திருக்கிறது. கைமாறிய நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர் தாம் குடியிருக்கும் எல்லையின் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். வேலை மாற்றலாகி வருபவருக்குப் பொருந்தும் சலுகையை, வண்டி வாங்கியவர் தமக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்தான் பல வழக்குகள் தொடங்குகின்றன.

அறிகுறி: பதிவுச் சான்றும் வண்டியும் ஒத்துப்போகவில்லை

இது பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிய வேண்டிய அறிகுறி. மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை, அடமானப் பதிவு இருக்கிறதா, வண்டி கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பன வந்துவிடும். அதோடு நிறுத்திவிடாமல், வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணைப் பதிவுச் சான்றில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த எண்ணில் 17 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. ஆகவே பதிவுச் சான்றில் ஓ என்ற எழுத்து இருந்தால், பூஜ்யத்தை யாரோ எழுத்தாகத் தட்டச்சு செய்துவிட்டார் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். தொடக்கத்து மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். மாருதிக்கு எம்.ஏ.3, ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல்., டாடாவுக்கு எம்.ஏ.டி. என்று வரும். பெரும்பாலான வண்டிகளில் பத்தாவது இடத்து எழுத்து ஆண்டைக் காட்டும். 2018க்கு ஜே, 2019க்கு கே, 2020க்கு எல் என்று அது போகும். 2019 வண்டி என்று சொல்லி விற்கப்படும் காரில் ஜே இருந்தால், முந்தைய ஆண்டில் தயாராகித் தாமதமாகப் பதிவான வண்டியாக அது இருக்கலாம். அது குற்றமில்லை, ஆனால் விலையைக் குறைத்துப் பேச நியாயமான காரணம்.

எழுத்துப் பிழை இருந்தால் விற்பவரின் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே, தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருத்த வேண்டும். சான்று கொடுத்த பிறகு பழைய அலுவலகம் அந்தக் கோப்பை முடிந்துபோனதாகக் கருதும். புதிய அலுவலகமோ, வந்த பதிவில் உள்ளபடிதான் எங்களால் செய்ய முடியும் என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஒற்றைப் பூஜ்யத்துக்காக ஓசூர்ப் பேருந்தில் நான்கு முறை போய்வந்தவன் நான்.

அறிகுறி: குளிர்பதனம் போட்டால் சேற்று வாடை வருகிறது, உள் அலங்காரம் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது

வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்க வாய்ப்புண்டு. 2022 செப்டம்பரில் பெங்களூரின் பெள்ளந்தூர், சர்ஜாபுரம் சாலைப் பகுதிகளில் அடுக்குமாடி வீடுகளின் அடித்தள வாகன நிறுத்தங்களில் நீர் புகுந்தது. சென்னையில் 2015இலும் 2023 டிசம்பரிலும், கேரளத்தில் 2018 ஆகஸ்டிலும் இதேபோல் ஆயிரக்கணக்கில் வண்டிகள் மூழ்கின. அவற்றில் ஒரு பகுதி துடைக்கப்பட்டு, மாநில எல்லை தாண்டி விற்பனைக்கு வருகிறது.

ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டை நிறுத்தாமல் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி ஒரு முழத்தில் மண் நிறக் கோடு தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இருக்கையின் அடித் தண்டவாளத்தில் துரு, ஃபியூஸ் பெட்டியின் மூலையில் பொடி மண், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் காய்ந்த சேறு ஆகியவையும் அதையேதான் சொல்லும். இந்தப் பிழைக்கு நீக்கும் வழி எதுவும் கிடையாது. அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.

அறிகுறி: தடையில்லாச் சான்று விண்ணப்பம் நகரவே இல்லை

ஆகப் பெரிய சிக்கல் இதுதான். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து, கட்டணமும் கட்டி, ரசீதும் கையில் வந்த பிறகு வாரக்கணக்கில் அசைவே இருக்காது. சட்டப்படி 30 நாளுக்குள் சான்று தர வேண்டும் அல்லது மறுப்பைத் தெரிவிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் சான்று தரப்பட்டதாகவே கருதப்படும் என்று 48ஆவது பிரிவு சொல்கிறது. ஏட்டளவில் இது நமக்குச் சாதகம். நடைமுறையில், கணினியில் பச்சைக் குறி விழாத சான்றைச் சேலத்தில் எந்த எழுத்தரும் ஏற்கப் போவதில்லை. ஆகவே பிரிவைக் காட்டி வாதாடுவதைவிட, எது தடுக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே விரைவான வழி.

தடுப்பது பெரும்பாலும் அடமானப் பதிவாக இருக்கும். விற்பவர் கடனை அடைத்து இரண்டு ஆண்டு ஆகியிருக்கும், வங்கிக் கடிதமும் பீரோவில் இருக்கும், ஆனால் பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். கடன் அடைந்தவுடன் வங்கிப் பெயர் தானாகவே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். படிவம் 35 கொடுத்து நீக்கினால்தான் போகும். வங்கி தரும் கடிதம் பெரும்பாலும் மூன்று மாதம் வரைதான் செல்லும் என்பதால், பழைய கடிதம் இருந்தால் புதிதாக ஒன்று கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பெங்களூர் வண்டிகளில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பதிவுச் சான்றில் இருக்கும் வங்கியே இன்று இல்லாமல் இருக்கும். ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் 2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்துவிட்டது. விஜயா வங்கி 2019 ஏப்ரலில் பேங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்தது. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், கார்ப்பரேஷன் வங்கி யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. கடிதம் இன்றைய வங்கியின் தாளில் வர வேண்டும். பழைய வங்கியின் பெயரில் இருந்த கடன் கணக்கு எண்ணையும் அதில் குறிப்பிடச் சொல்லி வாங்கினால் எழுத்தரின் கேள்விகள் பாதியாகக் குறையும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது போக்குவரத்து அபராதம். மத்திய இ-சலான் தளத்தில் நிலுவை இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. பெங்களூர்ப் போக்குவரத்துக் காவல்துறையின் பதிவில் தனியாகவும் பார்க்க வேண்டும். குறித்த காலத்தில் கட்டாமல் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்ட வழக்குகளை அந்த நீதிமன்றத்தின் தளத்தில் தேட வேண்டும். சிக்னல் கேமராவில் சிக்கிய அபராதங்கள் விற்பவருக்கே தெரியாமல் பத்துப் பன்னிரண்டு சேர்ந்திருப்பது சாதாரணம். இவற்றை விற்பவர் கட்ட வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் அவர் தயங்கினால், விலையில் கழித்துக்கொண்டு நாமே கட்டிவிடுவது நல்லது. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்காக மூன்று வாரத்தை இழப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, ஆதார் விவரமும் கைப்பேசி எண்ணும். ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) பதிவுச் சான்றோடு இணைந்த கைப்பேசிக்குத்தான் போகும். அந்த எண் முதல் முறை வண்டியை விற்ற கடைக்காரருடையதாக இருப்பதை அடிக்கடி காணலாம். சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்கள், எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து, பதிவான தேதி ஆகியவற்றைக் கொடுத்துப் பரிவாகன் தளத்திலேயே எண்ணைப் புதுப்பிக்கலாம். பெயர் வேறுபாடு சற்று கடினம். பதிவுச் சான்றில் முதலெழுத்தோடும், ஆதாரில் தந்தை பெயர் விரிந்தும் இருந்தால் இணையவழி நின்றுவிடும். அப்போது விற்பவர் நேரில் போக வேண்டும்.

நான்காவது, திருட்டு வழக்கு இல்லை என்ற உறுதி. சான்று வழங்கும் முன் காவல்துறை அறிக்கையைப் பெற வேண்டும் என்று சட்டமே சொல்வதால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவில் வண்டி ஒப்பிடப்படுகிறது. எஞ்சின் எண்ணை மட்டும் வைத்துத் தேடும்போது, அதே எண் கொண்ட வேறு தயாரிப்பாளரின் வண்டி தட்டுப்பட்டு, நம் வண்டி திருட்டு வண்டி போலத் தோன்றுவதுண்டு. பதற வேண்டாம். சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பாளர் பெயரையும் சேர்த்துத் தேடி, பொருந்தவில்லை என்ற தாளை எடுத்துக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். சேஸிஸ் எண்ணும் பொருந்தினால் பதற வேண்டியதுதான். அப்போது விற்பவரிடம் போகாமல் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

மஞ்சள் பலகை வண்டியாக இருந்து வெள்ளைப் பலகைக்கு மாறியதாகச் சொல்லப்படும் கார்களில், பெர்மிட்டை ஒப்படைத்த காகிதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாக்சியாக ஓடிய வண்டியை அந்த விலைக்கு வாங்குவது வாங்குபவரின் விருப்பம். என் பணமாக இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

அறிகுறி: சான்று கையில் இருக்கிறது, நம் ஊர் அலுவலகம் ஏற்கவில்லை

சான்றில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று முதலில் படியுங்கள். தடையில்லாச் சான்று தமிழ்நாடு முழுவதற்குமாகத் தரப்படுவதில்லை. ஓசூர் டி.என். 70, கிருஷ்ணகிரி டி.என். 24, தருமபுரி டி.என். 29 என்று குறிப்பிட்ட ஓர் அலுவலகத்துக்குத்தான் தரப்படுகிறது. சேலத்தில் குடியிருப்பவருக்குப் புரோக்கர் ஓசூர் என்று போட்டு வாங்கிக் கொடுத்திருந்தால், பழைய அலுவலகத்தில் அந்தச் சான்றை ரத்து செய்துவிட்டு மறுபடி வாங்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன், நம் ஆதார் முகவரி எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்து விற்பவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது நலம். சேலத்தில் கிழக்கு, மேற்கு, தெற்கு என்று அலுவலகங்கள் பிரிந்திருப்பதால் வெறுமனே சேலம் என்று சொன்னால் போதாது.

அறிகுறி: விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை

முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது, வண்டியும் வந்துவிட்டது, இனி அவருக்கு இதில் அக்கறை இல்லை. இதைத் தடுக்க நான் கடைப்பிடிக்கும் வழி எளியது. விலையில் ஒரு பகுதியை, பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லாச் சான்று கைக்கு வந்த நாளில் தருவதாக விற்பனைக் கடிதத்திலேயே எழுதிக்கொள்வேன். படிவம் 29 இரண்டு படிகள், படிவம் 30, அவருடைய அடையாளச் சான்றுகளின் கையெழுத்திட்ட நகல்கள் ஆகியவற்றை வண்டிச் சாவியோடு சேர்த்தே வாங்கிக்கொள்வேன். தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருக்கும் பழக்கத்துக்கு வண்டிச் சந்தையில் ஓப்பன் லெட்டர் என்று பெயர். அது இரு தரப்புக்குமே ஆபத்தானது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், விற்றவருக்கு அவருடைய ஆபத்தை எடுத்துச் சொல்லலாம். வண்டியை விற்றுவிட்டாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. இதை ஒரு பதிவுத் தபாலில் மரியாதையாக எழுதி அனுப்பினால், எடுக்காத தொலைபேசியை எடுப்பார்கள். விற்பவர் 2023 ஏப்ரலுக்குப் பிறகு பதிவு பெற்ற பழைய வாகன வணிகராக இருந்தால், வண்டி தம்மிடம் வந்ததைப் படிவம் 29 சி மூலம் அவர் பதிவு செய்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளர் இறந்துபோயிருந்தால் படிவம் 31, ஏலத்தில் எடுத்த வண்டியாக இருந்தால் படிவம் 32 என்று பாதையே மாறும். வாரிசுகளில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு விற்கும் வண்டியை மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் இல்லாமல் தொடவே கூடாது.

அறிகுறி: வழியில் வரும் தொல்லைகள்

சுங்கச்சாவடியில் தடுப்புக் கட்டை எழவில்லை என்றால், முன்னவர் தம் ஃபாஸ்டேகை முடக்கிவிட்டார் அல்லது அதில் பணம் இல்லை என்று பொருள். செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாவிட்டால் ரொக்கத்துக்கு இரு மடங்கும், யு.பி.ஐ. மூலம் செலுத்தினால் ஒன்றேகால் மடங்கும் கட்ட வேண்டும் என்பது 2025 நவம்பர் 15 முதல் நடைமுறை. ஒரே ஒரு பயணம்தான் என்பதால் யு.பி.ஐ.யில் கட்டிவிட்டு வருவதே எளிது. முன்னவரின் ஃபாஸ்டேகில் அவர் பணத்திலேயே ஓடி வருவது நல்லதில்லை. புதிய எண் வரும்வரை அவருடைய கணக்கில்தான் ஒவ்வொரு சாவடியும் பதிவாகும்.

கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கினால், விற்பனைக்கு முன் பிழைக் குறியீடுகளை யாரோ அழித்துவிட்டிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம். அழித்த குறியீடு சில பத்துக் கிலோமீட்டர் ஓடிய பிறகே திரும்பி வரும். வாங்கும் முன், பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியை மாட்டும்போது குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், வண்டியின் தற்சோதனைகள் முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். பாதிக்கு மேல் முடியாதவையாக இருந்தால் அண்மையில் அழிக்கப்பட்டது அல்லது பேட்டரி கழற்றப்பட்டது என்று பொருள். விளக்கு நிலையாக எரிந்து, வண்டி சீராக ஓடினால் மெதுவாக ஊர் வந்து சேரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓரம்கட்டுங்கள். எஞ்சினுக்குள் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை (மிஸ்ஃபயர்) என்று பொருள், தொடர்ந்து ஓட்டினால் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி கெட்டுப்போகும், அதன் விலை பயண மிச்சத்தையெல்லாம் விழுங்கிவிடும்.

தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தால், அறிமுகமில்லாத வண்டியை நியூட்ரலில் அல்லது மேல் கியரில் இறக்கியிருப்பீர்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும். வாடை வந்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிவிடும். புறப்படும் முன் டயர்ப் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தயாரிப்புக் குறியைப் பார்த்திருக்க வேண்டும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) நிறைய இருந்தாலும் அந்த வயது டயரில் வெயில் நேரத்தில் வேகமாக ஓட்ட வேண்டாம்.

காப்பீட்டில் மட்டும் அலட்சியம் கூடாது. வண்டி கைமாறியதும் மூன்றாம் தரப்புக் காப்பீடு நமக்கும் தொடரும். வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதி தானாக மாறாது. 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்தில் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். முன்னவர் பெற்றிருந்த இழப்பீடு கோராமைக்கான தள்ளுபடி அவருக்குச் சொந்தமானது, வண்டிக்குச் சொந்தமானதில்லை. ஆகவே அந்த வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டியிருக்கும்.

இருசக்கர வாகனமாக இருந்தால் ஓட்டி வருவதைவிட ரயில் பார்சலில் அனுப்புவது மேல். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டுப் பதிவுச் சான்று நகலையும் அடையாளச் சான்றையும் கொடுத்தால் போதும்.

அறிகுறி: கேட்கும் வரி எதிர்பார்த்ததைவிட அதிகம்

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி உயர்ந்தது. புதிய கார்களுக்கு விலை 5 லட்சம் வரை 12 விழுக்காடு, 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 விழுக்காடு. வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு அதன் வயதுக்கு ஏற்ப இது படிப்படியாகக் குறையும். இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். நாம் கொடுத்த விலைக்கு வரி போடுவதில்லை. வண்டி புதிதாக விற்கப்பட்டபோது இருந்த விலைதான் அடிப்படை. பதினோரு லட்சத்துக்கு விற்ற காரை நாம் நான்கு லட்சத்துக்கு வாங்கினாலும், கணக்கு பதினோரு லட்சத்துக்குரிய அடுக்கில்தான் தொடங்கும். பெங்களூரில் மலிவாகக் கிடைத்தது என்ற மகிழ்ச்சி பல வீடுகளில் இந்த இடத்தில் முடிந்திருக்கிறது.

ஆகவே முதல் விற்பனையின் இன்வாய்ஸ் நகல் கட்டாயம் வேண்டும். அது தொலைந்துபோயிருந்தால் விற்ற ஷோரூமில் நகல் கேட்கலாம். கிடைக்காதபோது அலுவலகம் தன் வசமுள்ள விலைப் பட்டியலின்படி கணக்கிடும், அது பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இருக்காது. பேரம் பேசி முடிக்கும் முன், இன்வாய்ஸையும் முதல் பதிவுத் தேதியையும் எடுத்துக்கொண்டு நம் ஊர் அலுவலகத்தில் வரித் தொகையைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

டெல்லி டீசல் வண்டிகள் மலிவாக வருவதன் காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்தது, உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. அதன் பிறகு தளர்வுகள் வந்தாலும், ஒன்பது வயது வண்டியை அங்கே விலை குறைத்து விற்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. விலை குறைவுதான். ஆனால் பதிவின் ஆயுள் முதல் பதிவிலிருந்து 15 ஆண்டுதான், புதிய எண் வாங்கினாலும் அது மறுபடி தொடங்காது. 15 ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்க ஒரு காருக்குக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய்.

மாநிலம் மாறினாலும் பதிவெண்ணை மாற்றத் தேவையில்லாத பி.ஹெச். வரிசை எண் கொண்ட வண்டியாக இருந்தால், அதன் வரி இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டப்படுவது. எதுவரை கட்டியிருக்கிறது என்று பாருங்கள். அரசு ஊழியர், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் கொண்ட நிறுவனத்தின் ஊழியர் போன்ற தகுதி நமக்கு இல்லையென்றால், மாநில எண்ணுக்கு மாற்றி இங்கே வரி கட்டியாக வேண்டும்.

அறிகுறி: பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்

மோட்டார் வாகன ஆய்வாளரை இன்றும் ஊர் அப்படித்தான் அழைக்கிறது. அவர் முதலில் பார்ப்பது சேஸிஸ் எண். எண் பொறித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுக்க வேண்டும். துருவால் இரண்டு இலக்கம் மங்கியிருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். இதற்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்கள், ஏனெனில் தேய்த்த எண் திருத்திய எண்ணைப் போலத் தோன்றும். மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணியை ஒரு மணி நேரம் போட்டு வைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் துரு மட்டும் உதிர்ந்துவிடும். அதற்குமேலும் படியாவிட்டால் ஆய்வாளரிடமே முறையாக எழுதிக் கேட்டு அவர் சொல்லும் வழியில் போவதுதான் சரி.

பிறகு, பதிவுச் சான்றில் இல்லாத மாற்றங்கள். எரிவாயுக் கருவி பொருத்தியிருந்து சான்றில் எரிபொருள் பெட்ரோல் என்று மட்டும் இருந்தாலோ, வெள்ளை என்று பதிவான வண்டி கறுப்பாக நின்றாலோ திருப்பி அனுப்பப்படும். முன்பக்க இரும்புத் தடுப்பு, கறுப்புக் கண்ணாடித் தாள் ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். எரிவாயுக் கருவியைப் பழைய மாநிலத்தில் சான்றில் ஏற்றிக்கொண்டு வருவதே முறை.

அறிகுறி: புதிய எண் வந்த பிறகும் ஏதோ ஒன்று பழைய எண்ணிலேயே நிற்கிறது

புதிய பதிவுச் சான்று வந்தவுடன் பழைய எண்ணை நீக்க வேண்டிய இடங்கள் நான்கு. உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை புதிதாக வாங்கிப் பொருத்த வேண்டும். முன்கண்ணாடியில் ஒட்டும் மூன்றாவது அடையாளத் தாளும் அதோடு வரும். பெட்ரோலுக்கு நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. காப்பீட்டில் எண் மாற்றத்தைப் பதியச் சொல்ல வேண்டும். புகைச் சான்றைப் புதிய எண்ணில் எடுக்க வேண்டும். நம் பெயரில் புதிய ஃபாஸ்டேக் வாங்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஒரு ஃபாஸ்டேக் என்பதால் சேஸிஸ் எண் ஏற்கெனவே இன்னொன்றில் இருக்கிறது என்று விண்ணப்பம் நின்றால், முன்னவர் தம் வங்கியில் பழையதை இன்னும் மூடவில்லை. அவர் மூடியதற்கான குறுஞ்செய்தியைப் பெற்ற பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அறிகுறி: பழைய மாநிலத்தில் கட்டிய வரி திரும்பி வரவில்லை

தானாக வராது, கேட்டால்தான் வரும். கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள், வாழ்நாள் வரியில் மிஞ்சிய ஆண்டுகளுக்குரிய பகுதியைத் திருப்பித் தருகின்றன. புதிய பதிவுச் சான்றின் நகல், தமிழ்நாட்டில் வரி கட்டிய ரசீது, பழைய பதிவுச் சான்றின் நகல், தடையில்லாச் சான்றின் நகல் ஆகியவற்றோடு பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய பதிவுச் சான்றைச் சேலத்தில் ஒப்படைப்பதற்கு முன் இரு பக்கமும் நகல் எடுத்து வைக்காதவர்கள் இந்த இடத்தில்தான் வருந்துகிறார்கள். வரியைக் கட்டியவர் பழைய உரிமையாளர் என்பதால் தொகை யாருக்குச் சேரும் என்ற பேச்சும் எழும். ஐந்தாண்டு வயதுள்ள காருக்கு அது சிறிய தொகையாக இராது. வரித் திருப்பத் தொகை வாங்குபவருக்கே உரியது என்ற ஒரு வரியை விற்பனைக் கடிதத்தில் சேர்த்து, அதன் கீழே விற்பவரின் கையெழுத்தை வாங்கி வைத்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.